ஆளுக்கொரு எழுத்துரு

எழுத்துரு மாற்றும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். உங்களைப் பார்த்தால் எனக்குப் பொறாமையாக இருக்கிறது. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஒரு பழைய கோப்பைத் திறக்கிறீர்கள். ஆங்கில எழுத்தும் கமாவும் அடைப்புக்குறியும் கலந்துகட்டி, விசைப்பலகை மேல் பூனை படுத்துப் புரண்ட மாதிரி திரை நிறையக் குப்பை. ஆனால் அந்தக் குப்பைக்குள்ளே தமிழ் இருக்கிறது! எந்த எழுத்துருவில் அடித்தது என்று மோப்பம் பிடித்து, எந்தக் குறிக்கு எந்தத் தமிழ் எழுத்து என்ற அட்டவணையைப் பொருத்தி ஒரு தட்டு தட்டினால், "அன்புடையீர், வணக்கம்" என்று எழுந்து நிற்கும் பாருங்கள், அந்த நொடிக்காகவே நான் இந்த வேலையில் தலை நரைத்தேன். ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்த பிறகும் அதை நினைத்தால் கை பரபரக்கிறது.

அந்தக் காலத்தில் ஆளாளுக்கு ஒரு எழுத்துரு. ஒருவர் அடித்ததை இன்னொருவர் கணினியில் திறந்தால் குப்பைதான். இப்போது போல எந்தக் கைப்பேசியில் பார்த்தாலும் தமிழ் தமிழாகத் தெரியும் என்ற சௌகரியம் கிடையாது. தஞ்சாவூரில் பழைய பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில், ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருந்த மாடியில்தான் எங்கள் நிலையம். ஆய்வேடு, கோயில் மலர், விவசாயிகள் சங்கத்து ஆண்டறிக்கை என்று டெல்டாவில் கணினி வந்த காலத்தில் அடித்ததெல்லாம் எங்கள் படியேறி வந்தது.

மென்பொருளில் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பி ஒருமுறை வாங்கிக் கட்டிக்கொண்டோம். திருவையாற்றுப் பக்கம் ஒரு கோயிலின் பழைய குடமுழுக்கு மலர் மறுபதிப்புக்கு வந்தது. எங்கள் ஆள் ஒருவர் முழுக் கோப்பையும் அள்ளி மென்பொருளில் போட்டு எடுத்தார். தமிழெல்லாம் பளிச்சென்று வந்தது. ஆனால் இடையிடையே ஆங்கிலத்தில் இருந்ததையும் அது தமிழ் என்றே நினைத்து மாற்றித் தள்ளிவிட்டது. நன்கொடை கொடுத்த டாக்டர் ஒருவரின் பெயருக்குப் பின்னால் இருந்த எம்.பி.பி.எஸ். பட்டம் வாயில் நுழையாத ஏதோ நாலு எழுத்தாகி அச்சாகிவிட்டது. மனிதர் மலரைச் சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டு படியேறி வந்தார். "ஏங்க, இதுக்குத்தான் நான் ராத்திரி பகலா கண்ணு முழிச்சுப் படிச்சேனா?" என்று அவர் போட்ட சத்தத்தில் கீழே ஜெராக்ஸ் மெஷினே நின்றுபோனது. ஒரே சாக்கில் இருப்பதெல்லாம் ஒரே நெல் என்று நினைத்துவிடாதீர்கள். அதைச் சொல்லத்தான் இந்தக் கதை.

எனக்கு வேலை பழக்கியவர் ஒருவர் உண்டு. பெயரைச் சொன்னால் கோபித்துக்கொள்வார், சொல்லவில்லை. யாரையும் பாராட்டத் தெரியாத மனிதர். அவர் வாயிலிருந்து விழுந்த இரண்டே விஷயங்களை வைத்துக்கொண்டு காலத்தை ஓட்டினேன். முதலாவது, நகல் எடுக்காமல் கோப்பைத் தொடாதே. இரண்டாவது, "அசிங்கமாத் தெரியுதேன்னு உடனே துடைக்காதம்மா. எவனோ எதுக்கோ வெச்சிருப்பான்." இரண்டாவது எனக்கு அப்போது புரியவேயில்லை. புரியவைக்க அதிராம்பட்டினத்துப் பக்கமிருந்து ஒரு மீனவர் வரவேண்டியிருந்தது.

முருகையன் என்று பெயர். ஐம்பது வயதைத் தாண்டியவர். காலை முதல் பேருந்தைப் பிடித்து வந்திருந்தார், சட்டைப்பையிலிருந்து ஒரு பென் டிரைவை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினார்.

"பட்டுக்கோட்டையில கேட்டேன்மா. தஞ்சாவூர்ல உங்ககிட்டத்தான் போகச் சொன்னாங்க. எங்க அண்ணன் எழுதுன நாடகம். அப்பவே அதுவே கம்ப்யூட்டர் கத்துக்கிட்டு அடிச்சது. எங்க குப்பத்து மாரியம்மன் திருவிழாவுக்குப் போடணும்."

"எப்ப திருவிழா?"

"இந்த வாரம்தான்."

என் பக்கத்து நாற்காலியில் இருந்த கவிதா, என்னோடு வேலை பார்த்த பெண், நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அவர் நிலைமையைச் சொன்னார். நடிக்கப்போகிறவர்கள் எல்லாரும் கடலுக்குப் போகிறவர்கள். அன்று ஒரு நாள்தான் எல்லாரும் கரையில் இருந்தார்கள். சாயங்காலம் ஒத்திகை, மறுநாள் விடியலில் படகு ஏறிவிடுவார்கள். அதற்குள் ஒவ்வொருவர் கைப்பேசியிலும் நாடகம் தமிழில் தெரிய வேண்டும். அண்ணன் கோவிந்தசாமிக்கு வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. "நாம சொல்றது அத்தனையும் புரியுதும்மா. பதில்தான் வர மாட்டேங்குது. இந்த நாடகம் இதுவரைக்கும் மேடை ஏறல. எழுதுன வருஷம் ஊர்ல ஒரு சாவு, திருவிழா நின்னுபோச்சு. அடுத்த வருஷம் அண்ணனே வேணாம்னுடுச்சு. அது உக்காந்து பார்க்கிறப்பவே போட்டுடணும். நான்தான் தம்பி வேஷம் கட்டுறேன்."

கவிதா கோப்பைத் திறந்தாள். எனக்கு ஆச்சரியம். குப்பையே இல்லை, முதல் வரியிலிருந்தே அழகான தமிழ்! எந்த எழுத்துரு என்பது பட்டியலிலேயே தெரிந்தது. "அக்கா, டீ குடிச்சு முடிக்கறதுக்குள்ள மாத்திடலாம்" என்றாள். நானும் அப்படித்தான் நினைத்து, டீயே சொல்லிவிட்டேன்.

டீ வருவதற்குள் இரண்டு பக்கம் வாசித்தேன்.

"கடலுக்குப் போகலியா?"

"வலை கிழிஞ்சு கிடக்கு."

"நேத்தும் இதைத்தான் சொன்னே."

"நேத்தும் கிழிஞ்சுதான் கிடந்துச்சு."

நன்றாகத்தான் இருந்தது. ஆனால் யார் பேசுவது? முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ஓட்டிப் பார்த்தேன். எங்கேயும் ஒரு பெயர் இல்லை. வசனத்துக்குக் கீழே வசனம், அவ்வளவுதான்.

"ஆள் பேரே போடலியே உங்க அண்ணன்?"

முருகையன் என்னை வினோதமாகப் பார்த்தார். "எங்க ஊர்ல நாடகம் எழுதினா யாரும் பேர் போட மாட்டாங்கம்மா. ஆளுக்கு ஒரு மையில எழுதுவாங்க. அம்மா வேஷத்துக்குச் சிவப்பு, பபூனுக்குப் பச்சை. அவனவன் அவன் மையைப் பார்த்துப் படிச்சுக்குவான். கம்ப்யூட்டர் சென்டர்ல கறுப்புதானே வரும்? அதனால ஆளுக்கு ஒரு எழுத்தா அண்ணன் போட்டிருக்குன்னு ஊர்ல சொல்லுவாங்க. ஒண்ணு குண்டா இருக்குமாம், ஒண்ணு சாஞ்சு இருக்குமாம்."

ஆளுக்கு ஒரு எழுத்துரு! எனக்குச் சிலிர்த்துவிட்டது. மறுநொடியே எழுத்துருப் பட்டியலை மறுபடி பார்த்தேன். என் முன்னால் இருந்த கோப்பில் முதலிலிருந்து முடிவு வரை ஒரே ஒரு எழுத்துருதான் இருந்தது.

"இதுக்கு முன்னாடி யார்கிட்டயாவது காட்டினீங்களா?"

"பட்டுக்கோட்டையில ஒரு சென்டர்ல. முதல்ல எல்லாம் கோணல்மாணலா இங்கிலீஷா வந்துச்சு. அந்தத் தம்பி என்னமோ பண்ணுனாரு, பளிச்சுனு தமிழாயிடுச்சு. போன்லதான் தெரியலன்னுட்டாரு."

என்ன பண்ணியிருப்பார் என்று உங்களுக்கே தெரியும். நம் ஆட்கள் அத்தனை பேரும் செய்வதுதான். திரையில் குப்பை தெரிந்ததும் கை தானாகப் போகும். எல்லாவற்றையும் தேர்ந்தெடு, ஒரு தமிழ் எழுத்துருவைப் போடு, சேமி. ஒரே மென்பொருளோடு வந்த எழுத்துருக்களுக்கு வடிவம்தான் வேறு, உள்ளே குறியீடு ஒன்றுதான். அதனால் ஒன்றைப் போட்டதும் எல்லா வரியும் தமிழாகிவிட்டது. கூடவே அம்மா, அண்ணன், தம்பி, பபூன் எல்லாரும் ஒரே குரலில் பேசத் தொடங்கிவிட்டார்கள். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை. அந்தத் தம்பி மீது எனக்குக் கோபமில்லை. நான் அங்கே இருந்திருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன்.

"பழைய ஃப்ளாப்பி?"

"உப்புக்காத்துல பூசணம் பிடிச்சுப்போச்சும்மா. இது ஒண்ணுதான்." அவர் முகம் விழுந்துவிட்டது. "அப்ப ஒண்ணும் பண்ண முடியாதா?"

முதலில் ஒரு நகல் எடுத்தேன். ஒன்றும் தோன்றாதபோது செய்வதற்கு அது நல்ல வேலை. கவிதா தன் கணினியில் நகலை மேலும் கீழும் ஓட்டிக்கொண்டிருந்தாள். சலிப்போடு சொன்னாள்:

"அக்கா, இவங்க அண்ணனுக்கு ஒழுங்கே கிடையாது. வரிக்கு வரி சைஸ் வேற வேறயா இருக்கு. நீங்க யோசிங்க, அதுக்குள்ள எல்லாத்தையும் பன்னெண்டாக்கி வெச்சிடறேன்."

"தொடாதே!"

நான் போட்ட சத்தத்தில் டீக் கொண்டுவந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார். கவிதா கையைச் சூடுபட்டது போல எடுத்துக்கொண்டாள்.

புரிகிறதா உங்களுக்கு? ஒரே அளவு வைத்தாலும் ஒரு எழுத்துரு பெரிதாகத் தெரியும், இன்னொன்று சிறுத்துத் தெரியும். அந்த மனிதர் தாளில் எல்லாம் ஒரே உயரமாகத் தெரிய வேண்டும் என்று ஒவ்வொரு எழுத்துருவுக்கும் ஒரு அளவு வைத்திருக்கிறார். பட்டுக்கோட்டையில் மாற்றியது எழுத்துருவை மட்டும்தான். அளவை யாரும் தொடவில்லை! ஒழுங்கில்லாமல் தெரிந்த அந்த மேடுபள்ளம்தான் ஆள் அடையாளம். எவனோ எதுக்கோ வெச்சிருப்பான்!

"பதினாறுல இருக்கறதை மட்டும் தேடு" என்றேன்.

கவிதா தேடினாள். ஒவ்வொன்றாக வந்தன. "சோறு ஆறிப்போகுது, வந்து தின்னுட்டுப் பேசுங்கடா." "உங்க அப்பன் இருந்தா இப்படிக் கத்துவீங்களா?" "என் தலையில கை வெச்சுச் சொல்லு."

"அம்மா, அக்கா! அத்தனையும் அம்மா!" கவிதா நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டாள். பன்னிரண்டைத் தேடினோம். முதல் வரியிலேயே முருகையன் சிரித்துவிட்டார், பபூன். நாங்கள் மூன்று பேரும் லாட்டரி விழுந்த மாதிரி கூத்தடித்தோம். ஆறிப்போன டீயை யாரும் கவனிக்கவில்லை.

மிச்சமெல்லாம் பதினான்கு. அங்கேதான் முட்டிக்கொண்டது. முருகையன் சொன்ன நாலு வேஷத்தில் மிச்சமிருந்தவர்கள் இரண்டு பேர், அண்ணனும் தம்பியும். அந்த இரண்டு எழுத்துருவும் ஒரே உயரம் போலிருக்கிறது, இரண்டுக்கும் ஒரே அளவுதான் வைத்திருந்தார்.

சில வரிகளில் "அண்ணே" என்றும் சிலவற்றில் "தம்பி" என்றும் இருந்ததால் அவற்றைப் பிரித்துவிட்டோம். இல்லாத வரிகளுக்கு என்ன செய்வது என்று நான் தலையைச் சொறிந்துகொண்டிருந்தபோது, முருகையன் திரைக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "நான் சொல்றேம்மா. எது யாருதுன்னு எனக்குத் தெரியும்."

"படிச்சிருக்கீங்களா?"

"இல்ல. பேசியிருக்கேன்."

விரலை வைத்து வாசித்தார். "'என் பங்கைப் பிரிச்சுக் குடு. இந்த உப்புத் தண்ணியிலயே கிடந்து சாக என்னால முடியாது.' இது நான் சொன்னதும்மா. இதே வார்த்தை. வாசல்ல நின்னு சொன்னேன்." அடுத்ததற்கு நகர்ந்தார். "இது அண்ணன் சொன்னது." அடுத்தது. "இது நான்."

அப்படித்தான் கதை வெளியே வந்தது. அப்பா விட்டுப்போன படகு ஒன்று. சிங்கப்பூர் போக வேண்டும் என்று முருகையன் பங்கு கேட்டு நின்றிருக்கிறார். படகைப் பாதியாக அறுக்கவா முடியும்? விற்றுப் பிரித்தார்கள். இவர் விமானம் ஏறினார். சொந்தப் படகில் போன அண்ணன் அடுத்தவர் படகில் கூலிக்குப் போனார். "அண்ணன் நாடகம் எழுதுதாம், அதுல உன்னை வெச்சிருக்காம்னு ஊர்ல இருந்து சொன்னாங்கம்மா. என்னை எப்படி வெச்சிருக்கும்? நல்லபடியாவா? அந்த வெக்கத்துல ஊர்ப்பக்கம் வந்தாலும் இதைப் பத்திக் கேட்டதே இல்ல. இப்ப கேட்டா அதால சொல்ல முடியல. அதான் நானே வேஷம் கட்டி, ஊர் முன்னாடி நின்னு, திட்டோ என்னமோ, அது எழுதுனபடியே வாங்கிக்கலாம்னு."

அவர் சொல்லச் சொல்ல பெயர்களைப் போட்டுக்கொண்டே போனோம். கடைசிப் பக்கம் வந்தது. பதினாறில் அம்மா கேட்கிறாள்: "படகும் போயிட்டா அப்புறம் என்னடா பண்ணுவீங்க?" அதற்குக் கீழே பதினான்கில் ஒரே ஒரு வரி.

"போனா போகட்டும். கடல் இங்கதான இருக்கு."

அதோடு நாடகம் முடிகிறது.

முருகையன் விரல் அதன் மேலேயே நின்றது. "இதை யாரும் சொல்லலியே" என்றார். "எங்க வீட்ல இது நடக்கல. படகு போன அன்னிக்கு அண்ணன் ஒண்ணுமே பேசல."

இது அண்ணன் வசனமா, தம்பி வசனமா? தம்பி சொன்னால் திமிர். எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது, உனக்குத்தான் கடல் இருக்கிறதே என்று தோளைக் குலுக்கிவிட்டுப் போகிறவன். அண்ணன் சொன்னால் வேறு. போடா, நீ நன்றாக இரு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அர்த்தம்.

"என் பேர்ல போட்டுடுங்கம்மா" என்றார் முருகையன். "அவ்வளவு பேசுனவன் இதையும் பேசியிருப்பான்."

மணி பார்த்தேன். அவர் பேருந்தைப் பிடிக்க வேண்டும். கவிதா என் காதருகே வந்து, "அவரே சொல்றாருக்கா. போட்டு அனுப்பிடலாம். ஒரு வரிதானே" என்றாள். எனக்கும் ஆசைதான். அத்தனை அழகாகப் பிரித்த பிறகு ஒரு வரி மட்டும் மொட்டையாக நிற்பதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. இந்த வேலையில் இருக்கிற பெரிய ஆபத்து குப்பை அல்ல. குப்பை பல்லை இளித்துக்கொண்டு தெரியும். தெரியாத இடத்தை நாமாக நிரப்பிவிட்டால் அது யார் கண்ணுக்கும் தெரியாது, அச்சாகி நின்றுவிடும். பிறகு அதுதான் உண்மை. அந்த மனிதர் ஊர் முன்னால் நின்று வாங்கிக்கொள்ளப்போவது அவருடைய அண்ணன் கொடுத்ததாக இருக்க வேண்டும், நான் கொடுத்ததாக இருக்கக் கூடாது.

"போட மாட்டேன்" என்றேன். "எழுதுனவர் உயிரோட இருக்கார், அவருக்குக் காது கேக்குது. அவர்கிட்ட கேக்காம நான் எப்படிப் போடறது? மத்ததெல்லாம் இப்பவே எல்லாருக்கும் அனுப்பறேன். இந்த வரிக்கு முன்னாடி இடம் விட்டு வெக்கிறேன். வீட்டுக்குப் போங்க, கடைசிப் பக்கத்தை அவருக்கு வாசிச்சுக் காட்டுங்க. அம்மா வசனத்தோட நிறுத்திட்டு, அடுத்தது யாருன்னு கேளுங்க. தலையாட்டினா போதும். எனக்குப் போன் பண்ணுங்க."

அவருக்கு என் மேல் வருத்தம் என்று முகத்திலேயே தெரிந்தது. பிடிவாதக்காரி என்று நினைத்திருப்பார். பேருந்துக்கு ஓடினார். நாங்கள் கோப்பை மாற்றி அனுப்பினோம். கைப்பேசியில் பெயர் பெயராக, வரி வரியாகத் தமிழ் தெரிந்தது. எனக்கு அதில் சந்தோஷப்படக்கூடத் தோன்றவில்லை. சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமல் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். வாடிக்கையாளர் கேட்டதைச் செய்யாமல் அனுப்பிவிட்டோமே, அண்ணன் தலையாட்டவில்லை என்றால் என்ன செய்வது என்று மனசு அடித்துக்கொண்டது.

மத்தியானம் போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டேன். கவிதா நாற்காலியோடு நகர்ந்து வந்தாள்.

"அண்ணன் பக்கத்துல உக்காந்திருக்கேம்மா. வாசிக்கறேன்."

வாசித்தார். நடிக்கத் தெரியாத குரல், பள்ளிக்கூடப் பையன் மாதிரி ஒவ்வொரு வசனத்துக்கும் முன்னால் பெயரைச் சொல்லி வாசித்தார். தன் வசனங்கள் வந்தபோது குரல் இறங்கியது. "அம்மா. படகும் போயிட்டா அப்புறம் என்னடா பண்ணுவீங்க?" அதோடு நிறுத்தினார்.

"அண்ணே, அடுத்தது யாருண்ணே? என் வசனம்தானே? ஆமான்னா தலைய…"

அவர் முடிக்கவில்லை. வேறொரு சத்தம் கேட்டது. யாரோ தொண்டையைச் செருமுவது போல, கனமாக எதையோ நகர்த்துவது போல. கவிதா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"போ…" என்றது அந்தக் குரல். மூச்சு வாங்கியது. "போனா… போகட்டும்."

நான் ஸ்பீக்கர் சத்தத்தைக் கூட்டினேன்.

"கடல்… இங்க… தான…"

அதற்கு மேல் வார்த்தை வரவில்லை. வந்திருந்தாலும் எங்களுக்குக் கேட்டிருக்காது. முருகையன் வாய்விட்டு அழத் தொடங்கிவிட்டார். ஐம்பது வயதைத் தாண்டிய மனிதர், "அண்ணே, அண்ணே" என்று குழந்தை மாதிரி. எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகு போன் நினைவு வந்து மூக்கை உறிஞ்சிக்கொண்டு பேசினார்.

"அம்மா, கேட்டுச்சா? அது அண்ணன் வசனம்மா. இத்தனை வருஷம் என்னைத் திட்டித்தான் எழுதியிருக்கும்னு நெனச்சுட்டு இருந்தேன்."

"கேட்டுச்சு முருகையன். அண்ணன்னு போட்டுட்டேன்" என்றேன்.

போடவில்லை. கண் நிறைந்து வழிந்ததில் எந்த விசை எங்கே இருக்கிறதென்றே தெரியவில்லை.